துவாஸ் ஆலைகளில் 'ஒட்டும்' புரதம்: நம் குழாய்த் தண்ணீருக்கு என்ன தொடர்பு?

தண்ணீர் பாட்டிலை 3 நாள் கழுவாம விட்டுப் பாருங்க. உள்பக்கம் வழவழன்னு ஆகிடும். அதே வழவழப்புதான் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்கும் பெரிய தலைவலி.

சிங்கப்பூரில் அத்தகைய ஆலைகள் 5 உள்ளன. அவற்றில் 3 இருப்பது துவாஸில். முதல் ஆலை 2005இல் திறக்கப்பட்டது.

ஆலைக்குள் என்ன நடக்குது?

கடல்நீர் மிக அதிக அழுத்தத்தில் சவ்வு வழியாகத் தள்ளப்படுகிறது. கார் டயருக்குள் இருப்பதைப்போல் 20 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் அது. சவ்வின் மேல் பாலியமைட் எனும் மெல்லிய பாலிமர் பூச்சு இருக்கும். அது தண்ணீரை விடும், உப்பைத் தடுக்கும்.

அந்தப் பூச்சில் முதலில் ஒட்டுவது கிருமி இல்லை. கடல்நீரில் கரைந்துள்ள புரதமும் சர்க்கரை வகைப் பொருள்களும்தான். சில நிமிடங்களிலேயே அவை ஒரு படலமாகப் படியத் தொடங்கும். பாக்டீரியாவுக்கு அது பாய் விரித்த மாதிரி. அவை வந்து ஒட்டி, பசை சுரந்து, கூட்டமாகப் பெருகும். இதுதான் உயிரிப்படலம். தண்ணீர் போகும் வழி அடைபட, பம்பு இன்னும் பலமாகத் தள்ள வேண்டும். மின்சாரச் செலவு ஏறும்.

குளோரின் போட்டுக் கொல்லலாமே?

அங்கேதான் சிக்கல். குளோரின் பட்டால் பாலியமைட் சிதையும். முன்கூட்டியே குளோரின் சேர்த்தாலும், தண்ணீர் சவ்வை அடையுமுன் அதை நீக்கிவிட வேண்டும்.

ஒட்டவே விடாமல் செய்ய முடியுமா?

உலகெங்கும் ஆய்வாளர்கள் முயல்வது அதைத்தான். தண்ணீரை விரும்பும் பாலிமரைச் சவ்வின்மேல் பூசுகிறார்கள். நேர், எதிர் மின்னூட்டம் இரண்டும் அருகருகே உள்ள பாலிமர் அதில் ஒரு வகை. அது தண்ணீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். புரதம் ஒட்டணும்னா அந்தத் தண்ணீரை முதலில் விலக்கணும். அது லேசான வேலை இல்லை.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. பூச்சு தடித்தால் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். அடிக்கடி ரசாயனம் கொண்டு கழுவினால் பூச்சு தேயும். கொஞ்சம் அழுக்கு படிந்தாலும் போதும், அந்த இடத்தில் பூச்சுக்கு வேலையில்லை. பூச்சு, படலம் உருவாவதைத் தள்ளிப்போடும், தடுத்துவிடாது. அதனால்தான் கடல்நீரை முதலில் நன்றாக வடிகட்டுவது இன்றும் முக்கியம்.

நமக்கு இதில் என்ன?

கடல்நீரிலிருந்து ஒரு கன மீட்டர் குடிநீரைத் தயாரிக்க ஏறக்குறைய 3.5 கிலோவாட் மணி மின்சாரம் தேவை. அதை 2ஆகக் குறைப்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இலக்கு. 2024 ஏப்ரலில் 20 காசும் 2025 ஏப்ரலில் 30 காசும் தண்ணீர்க் கட்டணம் கூடியதற்கு, எரிசக்திச் செலவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

பூச்சு மாறியதும் கட்டணம் இறங்கிடாது. ஆனால் சவ்வு எவ்வளவு நாள் சுத்தமாக இருக்கிறதோ, அவ்வளவு நாள் மின்சாரம் மிச்சம்.