திருமலைத் துறையும் காணாத வாசகமும்

1947இல் பிரித்தானியாவுடன் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையால் திருமலைத் துறைமுகம் 1957 வரை அந்நியக் கடற்படையின் தளமாயிருந்தது. அன்று வந்தது கப்பல்; கண்டோம். இன்று கணினி வழியே வருவதைக் காண்பவர் யார்?

1987இல் இந்தியாவுடன் பரிமாறிய கடிதங்கள், திருமலையோடு அந்நிய வானொலி நிலையங்களையும் குறிப்பிட்டு, அவை உளவுக்குப் பயன்படலாகாது என்றன. நம்மைக் கேட்டுச் செய்ததன்று. ஆயினும் வாசகம் அச்சில் உண்டு. 2025 ஏப்ரல் 5ஆம் நாள் அதே இந்தியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. எண்முறைத் தொழில்நுட்ப உடன்படிக்கையும் அன்றே. பாதுகாப்பு வாசகத்தைப் பாராளுமன்றம் முன்கூட்டிப் பார்க்கவில்லை!

2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேசப் பாதுகாப்பின் பேரால் விலக்குக்கு இடமளிக்கிறது. தம் பெயரும் கைரேகையும் எந்நாட்டுப் படையின் கணினிக்குச் செல்லலாம் என்பதைத் தம்பலகாமத்து உழவரும் அறிதல் வேண்டும். கையெழுத்துக்கு முன்னரே வாசகம் பாராளுமன்றத்துக்கு வருதல் வேண்டும்.