முதிய போர்வீரரும் கட்டாக்காலி நாயும்

மகாபாரதத்தின் முடிவை நம் நேயர்கள் பலரும் சிறு வயதிற் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருப்பர். அரசைத் துறந்து வடதிசை நோக்கிப் புறப்பட்ட பாண்டவர்களை ஒரு நாயும் பின்தொடர்ந்தது. வழியிலே திரௌபதி வீழ்ந்தாள். தம்பியர் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். இறுதியில் எஞ்சியவர் இருவரே. ஒருவர், பெரும்போர் ஒன்றைக் கண்டு முதிர்ந்த தருமர். மற்றையது, யாருடையது என்று அறியப்படாத அந்த நாய். தேரோடு எதிர்வந்த இந்திரன், நாயை விட்டுவிட்டு ஏறும்படி கூறினான். நம்பி வந்த உயிரைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் தமக்கு வேண்டியதில்லை எனத் தருமர் மறுத்துவிட்டார்.

இக்கதையைச் சொல்வோர் நாயின் நன்றியை வியந்து பேசுவது வழக்கம். ஆயினும் சிறிது நின்று நோக்கினால் அங்கே சோதிக்கப்பட்டது நாயன்று, மனிதனே என்பது புலனாகும். நாய் மனிதனுக்கு நன்றி காட்டுமா என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. மனிதன் நாய்க்கு நன்றி காட்டுவானா என்பதே இந்திரன் எழுப்பிய வினா. அதே வினா நம் காலத்திலும் சில போர்வீரர்கள் முன் எழுந்தது. தருமருக்கு மறுக்கும் உரிமை இருந்தது. இவர்களுக்கோ அவ்வுரிமை இருக்கவில்லை. இவ்வாரம் நாம் பேச எடுத்துக்கொண்டது அவர்களுடைய கதையே.

அமெரிக்கப் படைகள் வியட்நாமிற் போரிட்ட காலத்தில் ஏறக்குறைய 4,000 நாய்கள் அவற்றோடு பணிபுரிந்தன. நம்மவர் அல்சேஷன் என அழைக்கும் ஜேர்மன் ஷெப்பேட் இனத்தவையே அவற்றுட் பெரும்பான்மை. சில நாய்கள் இரவில் விமானத் தளங்களின் எல்லையைக் காத்தன. சில, காட்டுப் பாதையில் அணிக்கு முன்னே நடந்து, பதுங்கியிருந்த பகைவரையும், புல்லின் நடுவே கட்டப்பட்ட கண்ணிவெடிக் கம்பிகளையும் மோப்பத்தாலும் செவியாலும் அறிந்து நின்றன. நாய் நின்றால் அணியும் நிற்கும். அந்த ஒரு கணத்தால் உயிர் பிழைத்தவர் பலர்.

1966ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சைகோன் நகருக்கு அண்மையிலுள்ள தான் சோன் நூட் விமானத் தளத்தில் நிகழ்ந்த ஒன்றை உதாரணமாகக் கூறலாம். நீமோ என்ற காவல் நாய் இருளில் ஒளிந்திருந்தவரை அறிந்து பாய்ந்தது. துப்பாக்கிக் குண்டு பட்டு அதன் கண் ஒன்று பழுதாயிற்று. அதனோடு வந்த காவல் வீரரும் காயமுற்று வீழ்ந்தார். நீமோ ஊர்ந்து சென்று, உதவி வரும்வரை தன் உடலால் அவரை மறைத்துக் கிடந்தது. இருவரும் உயிர் பிழைத்தனர். 1967இல் நீமோ தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டு, 1972இல் இறக்கும்வரை பேணப்பட்டது.

நீமோவுக்குக் கிட்டிய இந்நல்வாழ்வு மிகச் சில நாய்களுக்கே கிட்டியது. வியட்நாமில் ஒரு போர்வீரருக்கு விதிக்கப்பட்ட காலம் பொதுவாக ஓராண்டு. ஆண்டு முடிந்ததும் அவர் ஊர் திரும்புவார். நாயோ அங்கேயே இருந்து அடுத்து வரும் வீரரோடு பணியைத் தொடரும். பல மாதங்கள் ஒரே உணவைப் பகிர்ந்து, ஒரே மழையில் நனைந்து, ஒன்றன் மூச்சை மற்றொன்று காவல் செய்து வாழ்ந்த இரு உயிர்கள் ஒரு நாட் காலையிற் பிரிந்துவிடும். கழுத்துவாரை இன்னொருவர் கையிற் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தவர் எத்தனை பேரோ!

போர் முடிவை நெருங்கிய வேளையில் நிலைமை இன்னும் கொடியதாயிற்று. இராணுவக் கணக்கேடுகளில் நாய்கள் தளவாடங்களோடு தளவாடமாகவே மதிக்கப்பட்டிருந்தன. அங்கிருந்து நோய் வந்து சேரும் என்ற அச்சமும் கூடிற்று. முடிவில் தாயகம் மீண்டவை ஏறக்குறைய 200 நாய்கள் மாத்திரமே. களத்தில் மாண்டவை போக எஞ்சியவற்றுட் பல ஊசி மருந்தாற் கொல்லப்பட்டன. வேறு பல தென் வியட்நாம் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டன. அவற்றைப் பணத்துக்கு வாங்கியேனும் கொண்டுபோக ஆயத்தமாயிருந்த வீரர்களும் இருந்தனர். அனுமதி கிடைக்கவில்லை.

அரசாங்கங்களுக்கு மனம் மாறக் காலம் பிடிக்கும். ஓய்வுபெறும் இராணுவ நாய்களை அவற்றோடு பணிபுரிந்தவர்களும் தகுதியுடைய பிறரும் தத்தெடுக்க இடமளிக்கும் சட்டத்தில் 2000ஆம் ஆண்டு நவம்பரிலேதான் ஜனாதிபதி கிளின்டன் கைச்சாத்திட்டார். றொபி என்ற நாயின் பெயரால் அச்சட்டம் வழங்குகின்றது. அந்த நாயைத் தம் வீட்டுக்குக் கொண்டுசெல்ல ஒருவர் விடுத்த வேண்டுகோளே அதற்குத் தூண்டுதலாயிற்று. றொபிக்கு மாத்திரம் அது பயன்படவில்லை. 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் வாழ்வு முடிக்கப்பட்டது. பின்னர் 2013ஆம் ஆண்டு ஒக்டோபரில், டெக்சாஸ் மாநிலத்து லாக்லண்ட் படைத்தளத்தில் இராணுவ நாய்களுக்கென ஒரு நினைவுச் சின்னம் திறந்து வைக்கப்பட்டது. அதற்காகப் பல்லாண்டு பாடுபட்ட ஜோன் பேர்னம் என்பவர் வியட்நாமில் நாயோடு பணிபுரிந்தவரே. அங்குள்ள சிலைகளுள் ஒன்றில், ஒரு வீரர் தம் தண்ணீர்க் குடுவையிலிருந்து தம் நாய்க்கு நீர் வார்த்துக்கொண்டிருக்கின்றார்.

சிலையிலுள்ள வீரருக்கு மூப்பில்லை. உயிரோடு இருப்பவர்களோ இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டனர். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் தூரதேசத்தில் வாழ்பவர், அக்காலத்து நண்பர்களை ஒவ்வொருவராக வழியனுப்பியவர் எனப் பலர். பகலில் யாரோடும் பேச்சில்லை. இரவிலோ ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய காடு வந்து நிற்கின்றது. நாயோடு பணிபுரிந்தவர்க்கே உரிய துயரன்று இது. போரைக் கண்ட முதியோர் பலர்க்கும் பொதுவானது. இத்தகையோருட் சிலர் ஒரு நாள் கைவிடப்பட்ட நாய்களைப் பேணும் காப்பகம் ஒன்றுக்குச் செல்கின்றனர். அழகிய குட்டிகளை விடுத்து, வயது முதிர்ந்து, எவரும் விரும்பாமல் மூலையிற் படுத்திருக்கும் ஒன்றைத் தெரிந்தெடுப்பவரும் அவர்களுள் உண்டு.

அமெரிக்காவிலே யூலை 4ஆந் திகதி சுதந்திர தினம். அன்றிரவு நாடெங்கும் வாணவெடிகள் முழங்கும். அவ்வோசை கேட்டாற் போரிலிருந்து மீண்டவர் பலருக்கு உடல் வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். நாய்களும் வெடியோசைக்கு அஞ்சிக் கட்டிலின் கீழ் ஒளிந்து நடுங்கும். இவ்விருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் என்ன நிகழும் என எண்ணிப் பாருங்கள். முதியவர் தரையில் அமர்ந்து நாயின் முதுகைத் தடவி, அஞ்சாதே, இது வெறும் வாணவெடி என்கின்றார். தமக்குத் தாமே சொல்ல முடியாதிருந்த வார்த்தையை நாய்க்குச் சொல்ல அவரால் இயலுகின்றது. நாயின் நடுக்கம் தணியும்போது அவருடைய நடுக்கமும் தணிகின்றது.

நாம் சொல்ல விரும்பும் செய்தி இதுவே. நாய் மனிதனை நேசிப்பதால் மனிதன் ஆறுதல் பெறுகின்றான் என்பது பாதி உண்மை. மறுபாதி யாதெனில், போர்வீரர் எனப்படுபவர் யாரையோ காப்பதற்கென்று பழக்கப்பட்டவர். ஓய்வு அவரிடமிருந்து ஆயுதத்தை மட்டுமன்றி, காக்கப்படவேண்டிய உயிரையும் பறித்துவிடுகின்றது. உன்னை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று உலகம் அவருக்குச் சொல்லலாம். அது அவரை மேலும் முதியவராக்கும். எனக்குப் பசிக்கிறது, வெளியே கூட்டிச்செல் என்று ஒரு நாய் சொல்லுமாயின் அது அவரை எழுந்து நிற்கச் செய்யும். விடியலில் எழுகின்றார், நடக்கின்றார், வேலிக்கு அப்பால் நிற்கும் அயலவர் நாயின் பெயரை விசாரிக்கின்றார். பல மாதங்களாக மூடிக்கிடந்த வாய் திறக்கின்றது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. போரின் மன வடுவால் வருந்திய 156 பேரை அரிசோனா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அவதானித்து 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 81 பேருக்குப் பழக்கப்பட்ட நாய்கள் அளிக்கப்பட்டன. 75 பேர் வழமையான சிகிச்சையை மாத்திரம் பெற்றனர். மூன்று மாதங்களின் பின், நாய் பெற்றவர்களிடம் நோயின் கடுமையும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருக்கக் காணப்பட்டன. அந்நாய்களை அளித்த புளோரிடா அமைப்பு, தன் நாய்களுட் பெரும்பாலானவற்றைக் காப்பகங்களிலிருந்தே எடுத்துப் பழக்குகின்றது. 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஜனாதிபதி பைடன் கைச்சாத்திட்ட மற்றொரு சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. நாய்களைப் பழக்கும் வேலையை முன்னாட் படைவீரர்களிடமே சிகிச்சையாக ஒப்படைக்க அது வழி செய்தது. பெறுவதைவிடக் கொடுப்பதே மருந்து என்பதைச் சட்டமும் ஒருவாறு ஒப்புக்கொண்டது எனலாம்.

ஆயினும் நேயர்கள் ஒன்றை மறத்தலாகாது. நாய் வைத்தியருக்கு ஈடாகாது. மேலே கூறிய ஆய்வில் நாய் பெற்றவர்களும் சிகிச்சையைக் கைவிடவில்லை. முதியவர் ஒருவருக்கு நாய் கொடுப்பதாயின், ஓடியாடிக் காலை இடறும் குட்டியைவிட வளர்ந்து நிதானப்பட்ட நாயே ஏற்றது. கைவிடப்பட்ட நாய் முதல் வாரங்களில் மனிதரை நம்பாது, உண்ணாமற் கிடக்கும், பொறுமை வேண்டும். விசர்நோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது போடுவித்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தமக்குப் பின் இந்த உயிரை யார் ஏற்பது என்பதை அம்முதியவர் உள்ளபோதே குடும்பத்தார் கூடி முடிவு செய்தல் வேண்டும். ஒருமுறை கைவிடப்பட்டது மறுமுறையும் தெருவுக்கு வருமாயின், நாம் செய்த தருமம் தருமமாகாது.

நம் வீடுகளிலும் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு விறாந்தையில் தனித்திருக்கும் பெரியோர் உள்ளனர். அவர்கள் போர்வீரர் அல்லர். என்றாலும் ஒரு குடும்பத்தை ஆண்டாண்டு காலம் காவல் செய்தவர்கள். அவர்களுக்கு வேண்டிய சோறும் மருந்தும் நாம் கொடுக்கின்றோம். அவர்களிடம் ஏதேனும் ஒரு வேலையை, ஒரு பொறுப்பை, அவர்களை நம்பியிருக்கும் ஓர் உயிரைக் கொடுத்திருக்கின்றோமா? அது நாயாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரு கோழிக்குஞ்சாகவோ, மாலையில் பாடம் கேட்கவரும் பேரப்பிள்ளையாகவோ இருக்கலாம்.

படலையடியில் நின்று உள்ளே பார்க்கும் கட்டாக்காலி நாயைக் கல்லெடுத்து விரட்டுமுன், அந்த வீட்டுப் பெரியவரை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சட்டியில் மிஞ்சிய சோற்றை எடுத்துக்கொண்டு அவர் தாமே எழுந்து படலை வரை நடந்து போவாராயின், அதுவே அவர் தரும் மறுமொழி என்று கொள்ளலாம்.