ரவுண்டிங் என்ற பெயரில் வெட்டி வேலை

"கம்ப்யூட்டர் போட்ட கணக்குங்க, அதுல நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தப் பதில் பழகிப் போனதாக இருக்கும். ஓவர்டைம் குறைகிறது என்று டைம் ஆபீஸ் வாசலில் போய் நின்றால் கிடைக்கும் பதில் இது. முன்பெல்லாம் மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்கலாம், அவர் நோட்டை வாங்கிப் பார்க்கலாம். இப்போது சுவரில் விரல் வைக்கும் கருவி இருக்கிறது. அதன் பின்னால் ஒரு மென்பொருள் இருக்கிறது. அதனோடு யார் மல்லுக்கு நிற்பது?

நாம்தான் நிற்க வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் பேரணாம்பட்டுப் பக்கத்துக் காலனிக்காரன். என் அம்மா அப்பர் தைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். சம்பளம் போட்ட வாரம் எங்கள் தெருப் பெண்கள் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். படித்துச் சொல்வது என் வேலை. போன மாதம் ஒரு அக்கா கேட்டார்: "மாசம் பூரா இருட்டின அப்புறம்தான் வண்டி ஏறினேன் தம்பி. ஓட்டி ரெண்டு மணி நேரம்னு போட்டிருக்கான். மீதி எங்கப்பா போச்சு?"

எங்கே போனது என்று பார்ப்போம்.

வருகைப் பதிவு மென்பொருள் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. அதற்குள் செட்டிங்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. எத்தனை நிமிடத்துக்கு மேல் நின்றால் ஓவர்டைம், மிச்ச நிமிடங்களை மேலே முழுமையாக்குவதா கீழே வெட்டுவதா, சாப்பாட்டு நேரத்தைத் தானாகக் கழிப்பதா, சூப்பர்வைசர் ஒப்புதல் தந்தால்தான் கணக்கில் ஏறுமா, எல்லாவற்றையும் அங்கே ஒரு மனிதர் தேர்ந்தெடுக்கிறார். எங்கள் தெருவுக்கு வரும் சீட்டுகளில் அந்தத் தேர்வு எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. ஐந்து நிமிடம் தாமதமாக விரல் வைத்தால் அரை மணி நேரக் கூலி போகும். 29 நிமிடம் கூடுதலாக நின்றால் பூஜ்யம். டார்கெட் முடியவில்லை என்று பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்பினாலும் அரை மணி நேரம் கழியும். சூப்பர்வைசர் ஒப்புதல் பொத்தானை அழுத்த மறந்தால் அந்த மாலை நடக்கவே இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 13,000 ரூபாய், 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 62 ரூபாய் 50 காசு வருகிறது. ஓவர்டைம் இரட்டிப்பு என்றால் 125 ரூபாய். ஒரு பெண் தினமும் 22 நிமிடம் கூடுதலாக நிற்கிறார். அரை மணிக்குக் கீழே என்பதால் கணக்கில் ஏறாது. 26 நாளில் அது 572 நிமிடம், ஒன்பதரை மணி நேரத்துக்கும் மேல். பறிபோனது ஏறக்குறைய 1,190 ரூபாய். 400 பேர் வேலை செய்யும் கம்பெனியில் மாதம் நாலே முக்கால் லட்சம். வருடத்துக்கு 57 லட்சம். யாரும் யாரையும் மிரட்டவில்லை, பூட்டை உடைக்கவில்லை. ஒரு கட்டத்தில் 30 என்று தட்டினார்கள், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? நாளுக்கு 9 மணி நேரத்தையோ வாரத்துக்கு 48 மணி நேரத்தையோ தாண்டினால் இரட்டிப்புக் கூலி என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு. 2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இரட்டிப்பு இருக்கிறது, தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்பதும் இருக்கிறது. 2020 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதியே, 15 முதல் 30 நிமிடம் வரையிலான கூடுதல் வேலையை அரை மணி நேரமாகக் கணக்கிடச் சொன்னது. தொழிலாளிக்குச் சாதகமாகவும் ரவுண்டிங் செய்ய முடியும் என்பது தொழிலாளர் விரோத அரசுக்கே தெரிந்திருக்கிறது. கொரோனாவைக் காரணம் காட்டி, 12 மணி நேர வேலை, ஓவர்டைமுக்கு ஒற்றைக் கூலி என்று குஜராத் அரசு ஆணை போட்டபோது, 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெருந்தொற்றுக் காலத்திலேயே பறிக்கக் கூடாது என்றானதை ஒரு செட்டிங் பறிக்கலாமா?

இன்னொரு தந்திரம் 'இரட்டிப்பு' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எதன் இரட்டிப்பு? அதே 13,000த்தில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் 8,000 என்றும், மீதியை வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்றும் பிரித்து, 8,000த்தை மட்டும் கணக்கில் எடுத்தால் ஓவர்டைம் மணிக்கு 77 ரூபாய்தான். சீட்டில் இரட்டிப்பு என்று இருக்கும். உண்மையில் ஒன்றேகால் மடங்குகூட இல்லை. பழைய சட்டம் படிகளையும் சேர்த்தே கணக்கிடச் சொன்னது. புதிய தொகுப்போ மொத்தத்தில் பாதி வரை இப்படிப்பட்ட படிகளை ஊதியம் என்ற கணக்குக்கு வெளியே வைக்க வழி விட்டிருக்கிறது.

"கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது" என்று சில தோழர்களே சொல்கிறார்கள். அதற்குத் தெரிய வேண்டியதில்லை. யாரை எந்தப் பட்டியலில் ஏற்றுவது என்பது அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஏசி அறையில் இருப்பவருக்குக் காலையில் பதினைந்து நிமிடச் சலுகை. லைனில் தைக்கும் பெண்ணுக்கு நிமிடத்துக்கு நிமிடம் வெட்டு. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியிலும் டிரம்மிலும் வேலை செய்யும் கான்ட்ராக்ட் ஆள் பல இடங்களில் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இருந்தாலும் சுண்ணாம்பும் ரசாயனமும் தின்ற விரலில் ரேகை தேய்ந்திருக்கும், கருவி அவரை அடையாளம் காணாது. கிராமத்து வீட்டில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று கையால் அப்பர் தைக்கும் பெண்ணுக்குக் கடிகாரமே கிடையாது. ஈரத்தோலுக்கு நெருக்கமாகப் போகப் போகத் தலித்துகள் அதிகம், பதிவேடு குறைவு. முதலாளி எந்த மதம், எந்தச் சாதி என்பதால் இந்த வரிசை மாறிவிடுவதில்லை.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்யும் இடமே படுக்கும் இடமாக இருந்தவனுக்கு வேலை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது? எந்த மென்பொருள் அதைக் குறித்து வைக்கும்?

நம் மொழியில் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய உழைப்பு அது. சாதி என்பது யார் எந்த வேலை செய்வது என்பதை மட்டும் விதிக்கவில்லை, யாருடைய நேரத்துக்கு விலை கிடையாது என்பதையும் விதித்தது. அன்று முழு நாளாக வாங்கினார்கள். இன்று 22 நிமிடம், 29 நிமிடம் என்று சில்லறையாக வாங்குகிறார்கள். வெட்டி ஒழியவில்லை, அதற்கு ஒரு திரை கிடைத்திருக்கிறது.

அந்த நேரத்தை அளந்து எல்லை கட்டுவதற்கு நம்மவர்கள் போராடியிருக்கிறார்கள். வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைத்த 1946 திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அன்று தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர். 1923 மே 1 அன்று சென்னையில் மே நாள் கொடியை ஏற்றியவர் சிங்காரவேலர். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று திமுக அரசு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. எதிர்ப்பு வெடித்தது. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்த வெற்றி நம்முடையது. ஆனால் சட்டமன்றத்தில் தோற்றது செட்டிங்ஸ் பக்கத்தில் சத்தமில்லாமல் நிறைவேறுகிறது. அங்கே விவாதம் இல்லை, வெளிநடப்பு இல்லை, மறுநாள் பத்திரிகையில் செய்தியும் இல்லை.

ஆகவே கோரிக்கைகளும் அந்தப் பக்கத்துக்குள் நுழைய வேண்டும். ஓவர்டைம் கணக்கிடும் விதிகள் ஒவ்வொன்றும் தமிழில் எழுதி கம்பெனி வாசலில் ஒட்டப்பட வேண்டும். உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், ஓவர்டைம் நிமிடம், மணிக்கு என்ன வீதம், எல்லாம் சம்பளச் சீட்டில் இருக்க வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களும் அதே பதிவில் ஏற வேண்டும். ஆய்வுக்கு வரும் தொழிற்சாலை ஆய்வாளர் பதிவேட்டின் அச்சுப் பிரதியோடு திருப்தியடையாமல் செட்டிங்ஸைத் திறந்து பார்க்க வேண்டும்.

படித்த பிள்ளைகளுக்கு ஒன்று. எக்செல் தெரிந்த நாம் ஊருக்கு ஒருவராவது இருக்கிறோம். அம்மாவோ அக்காவோ கம்பெனி வண்டி ஏறும் நேரத்தையும் லைனை விட்டு எழும் நேரத்தையும் ஒரு நோட்டில் தினமும் குறித்து வையுங்கள். சீட்டோடு ஒப்பிடுங்கள். ஊதியத் தொகுப்பின்படி நிலுவையை மூன்று ஆண்டு வரை கேட்கலாம். ஒருத்தி கேட்டால் மறுநாள் வேறு லைனுக்கு மாற்றுவார்கள். நாற்பது பேர் நாற்பது நோட்டோடு போய் நின்றால், கம்ப்யூட்டர் போட்ட கணக்கு என்று சொன்னவரே கம்ப்யூட்டரைத் திறந்தாக வேண்டும்.