சுவிட்ச் ஒன்று போதுமா? மின்வானூர்திகளின் பேட்டரித் துண்டிப்பு குறித்து ஒரு மறுப்பு

மின்சாரத்தால் பறக்கும் மாதிரி விமானங்களையும், அதே தொழில்நுட்பத்திலிருந்து பிறந்து இன்று வயல்களில் மருந்து தெளிக்கும் ட்ரோன்களையும் கையாள்வோரிடையே ஒரு கருத்து ஆழமாக வேரூன்றியுள்ளது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையே போதிய ஆம்பியர் மதிப்புள்ள சுவிட்ச் ஒன்றைப் பொருத்திவிட்டால் பாதுகாப்புக்கு வேறொன்றும் வேண்டியதில்லை என்பதே அது. இக்கருத்தைத் தாங்கி நிற்கும் வாதங்களைத் தனித்தனியே எடுத்து ஆராய்ந்தால், அவற்றுள் ஒன்றுகூட முழுமையாக நிலைபெறவில்லை என்பது தெளிவாகும்.

ஆராய்ச்சிக்குப் பழனி மலைத்தொடரின் பூம்பாறையைக் களமாகக் கொள்வது பொருத்தமானது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் இவ்வூரின் வயல்கள், சரிவில் அடுக்கடுக்காக வெட்டப்பட்ட குறுகிய படிகளாக அமைந்துள்ளன. இத்தகைய படியொன்றில் ட்ரோனை இறக்கி ஏற்ற எண்ணுபவருக்குச் சுழலும் விசிறியிலிருந்து விலகி நிற்கப் போதிய இடம் இராது. இவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 17 விழுக்காடு குறைவாதலால், அதே எடையை அந்தரத்தில் நிறுத்த ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுதல் திறன் தேவைப்படுகிறது. மின்னோட்டம் பத்து விழுக்காடு கூடினால் இணைப்புகளில் பிறக்கும் வெப்பம் இருபது விழுக்காட்டுக்கு மேல் கூடும். அவ்வெப்பத்தை அகற்ற வேண்டிய காற்றோ அங்கே மெலிந்திருக்கிறது. சமவெளியில் தாக்குப்பிடித்த இணைப்பு மலையிலும் தாக்குப்பிடிக்கும் என்று கொள்வதற்கு ஆதாரமில்லை.

சுவிட்சின் மேல் பொறித்துள்ள ஆம்பியர் எண்ணைப் பார்த்தால் போதும் என்பது முதல் வாதம். அந்த எண் பெரும்பாலும் மாறுதிசை மின்னோட்டத்துக்கு, அதாவது வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கு உரியது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால், தொடுமுனைகள் பிரியும்போது எழும் மின்வில் தானே அணைந்துபோக வாய்ப்புண்டு. பேட்டரி தரும் நேர்த்திசை மின்னோட்டம் சுழியைத் தொடுவதே இல்லை. ஆகவே முனைகள் பிரிந்த பின்னரும் இடைவெளியில் மின்வில் நின்று எரிந்து, உலோகத்தை உருக்கி, சில வேளை முனைகளை ஒன்றோடொன்று பற்றவைத்தும் விடுகிறது. மின்னணுக் கடைகளில் கிடைக்கும் சிறிய நீல நிற ரிலேயின் முதுகைக் கவனித்தால் இவ்வேறுபாடு கண்முன்னே அச்சிடப்பட்டிருக்கும்: பத்து ஆம்பியருக்கு, மாறுதிசையானால் 250 வோல்ட், நேர்த்திசையானால் 30 வோல்ட் மட்டுமே. பத்து லிட்டர் மருந்து சுமக்கும் ட்ரோனில் வழக்கமாகப் பயன்படும் பன்னிரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி முழுமையாக மின்னேற்றப்பட்டால் 50.4 வோல்ட் தருகிறது. பறக்கும்போது அதிலிருந்து இழுக்கப்படுவதோ நூறு ஆம்பியரை ஒட்டிய மின்னோட்டம்.

மோட்டார்கள் நின்ற பிறகுதான் சுவிட்சை அணைக்கிறோம், அப்போது மின்னோட்டம் மிகக் குறைவுதானே என்று இதற்கு மறுமொழி கூறுவர். நாள்தோறும் நடப்பது அதுதான், ஐயமில்லை. ஆனால் சுவிட்சின் உண்மையான தேவை, மோட்டார் கட்டளையை மீறி ஓடும் அந்த ஒரு வேளையில்தான் எழுகிறது. அவ்வேளைக்கு உதவாத சுவிட்சைப் பாதுகாப்புச் சாதனம் என்று அழைப்பது தகாது.

பேட்டரியைச் செருகும்போது எழும் பொறி இயல்பானது, அதனால் கேடில்லை என்னும் இரண்டாவது வாதமே மிகப் பரவலானது. விரிவான மறுப்பு வேண்டுவதும் அதுவே. ஒவ்வொரு மோட்டாரின் வேகக் கட்டுப்படுத்தியிலும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்ய மின்தேக்கிகள் உள்ளன. அவை வெறுமையாக இருக்கும் நிலையில் பேட்டரி இணையும் கணத்தில், வழியிலுள்ள கம்பியின் மிகச் சிறிய மின்தடை மட்டுமே மின்னோட்டத்தைத் தடுக்கிறது. அத்தடை 0.05 ஓம் என்று கொண்டால், 50 வோல்ட்டில் ஆயிரம் ஆம்பியர் வரை கணநேரம் பாயக்கூடும். ஒரு முறை பாய்ந்தால் பெரிய கேடு இல்லை என்பது உண்மையே. எனினும், மருந்து தெளிக்கும் ட்ரோனின் பேட்டரி பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றப்படுவதால், ஒரே நாளில் பல முறை அதே தொடுமுனையில் பொறி பறந்து, தங்கப் பூச்சு கருகி, சிறு குழிகள் விழுகின்றன. மருந்தின் துளியும் மலைப்பனியின் ஈரமும் அக்குழிகளில் தங்கிவிடுகின்றன. இவ்வாறு இரண்டு மில்லி ஓம் கூடுதல் தடை சேர்ந்தாலே, நூறு ஆம்பியரில் இருபது வாட் வெப்பம் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் உருவாகிறது. பங்குனி, சித்திரையில் சரிவுப் புல் காய்ந்து கிடக்கும் நிலத்தில் இதை அற்பமென்று ஒதுக்குவது பொறுப்பற்ற செயல்.

தீர்வு எளியது. எக்ஸ்டி90-எஸ் போன்ற பொறி தடுக்கும் கனெக்டர்களில், முழுத் தொடர்பு ஏற்படுமுன் சுமார் 5.6 ஓம் மின்தடை ஒன்று குறுக்கே வந்து, முதற்பாய்ச்சலை ஒன்பது ஆம்பியர் அளவுக்கு அடக்கிவிடுகிறது. மொத்தம் 4,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை நிரப்ப அதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆனால் அவசரத்தில் ஒரே அழுத்தாக அழுத்திச் செருகினால் அந்தக் கால அவகாசமும் கிட்டாது. இக்கனெக்டர் இணைக்கும்போது மட்டுமே காக்கிறது, மின்னோட்டம் பாயும்போது பிடுங்கினால் எழும் மின்வில்லை அது தடுப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது.

அசையும் உறுப்பே இல்லாத மின்னணுச் சுவிட்ச் இக்குறைகளைப் போக்கிவிடும் என்பர் சிலர். மாஸ்ஃபெட் எனப்படும் குறைகடத்திகளைப் பக்கஇணைப்பில் அடுக்கிய இச்சுவிட்சுகள் பொறியைப் போக்குவது மெய், வடிவமைப்பும் போற்றத்தக்கதே. ஆனால் மிகைச்சூட்டினாலோ மின்னழுத்தத் தாவலினாலோ மாஸ்ஃபெட் பழுதாகும்போது, அது பெரும்பாலும் மின்னோட்டத்தைத் தடுக்கும் நிலையில் அன்றி, கடத்தும் நிலையிலேயே உறைந்துபோகிறது. பொத்தானை அழுத்தியவர் அணைந்துவிட்டதாக நம்பி விசிறியில் கை வைக்க, மோட்டாரிலோ மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும்.

வேகக் கட்டுப்படுத்தியோடு வரும் சிறு சுவிட்சை நம்புவோரும் உளர். பல கட்டுப்படுத்திகளில் அது ரிசீவருக்குச் செல்லும் ஐந்து வோல்ட் வழங்கலை மட்டுமே நிறுத்துகிறது; பேட்டரியோ தொடர்ந்து இணைந்தே உள்ளது.

ரிமோட்டின் பூட்டு, பறப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் பூட்டு ஆகியவை இருக்கையில் கம்பியைத் துண்டிப்பது மிகை என்னும் வாதத்துக்கு மாணவர் போட்டிகளின் விதிகளே தக்க விடை. அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. ஏரோ டிசைன் போட்டியில், மின்விமானம் ஒவ்வொன்றும் பேட்டரிக்கும் வேகக் கட்டுப்படுத்திக்கும் நடுவே கழற்றக்கூடிய சிவப்பு நிறப் பிளக் ஒன்றைக் கொண்டிருக்க வேண்டும். அது வெளியிலிருந்தே எட்டும்படியும், விசிறியிலிருந்து போதிய தொலைவிலும் அமைய வேண்டும். அந்தப் பிளக் கழன்றிருக்கிறதா என்பதை எவரும் எட்ட நின்றே கண்ணால் அறியலாம். மென்பொருள் பூட்டின் நிலையை அவ்வாறு அறிய இயலாது.

மின்வழியில் சேரும் எந்த உறுப்பும் நடுவானில் பழுதாகி வானூர்தியை வீழ்த்தக்கூடும் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதை மதித்தே ஆக வேண்டும். அந்த மதிப்பே சுவிட்சைவிடப் பிளக்கை விரும்பச் செய்கிறது. பிளக்கில் சுருள்வில் இல்லை, நெம்புகோல் இல்லை, சூடேறும் குறைகடத்தி இல்லை. பேட்டரியின் சொந்தக் கனெக்டரையொத்த இன்னொரு கனெக்டர் மட்டுமே உள்ளது. பூம்பாறைப் படியொன்றில் அதைப் பொருத்துவோர், மலைச்சுவரை நோக்கியன்றி வயலின் திறந்த பக்கத்தை நோக்கிப் பிளக் அமையும்படியும், விசிறி வட்டத்துக்குள் கை நீட்டாமலேயே பின்னாலிருந்து எட்டிக் கழற்றும்படியும் வைத்துக்கொண்டால், மருந்து நிரப்புபவர் அருகே வருமுன் அதை முதலில் கழற்றவும், அவர் விலகிய பின்னரே மீண்டும் செருகவும் முடியும்.