வாடகை விடுதியின் மரத்தளம்: சிக்கனம் எங்கே, தாராளம் எங்கே?

கடையில் கிடைக்கும் இலாபத்தைக் காணியிலும் கட்டடத்திலும் போட்டு வைக்கும் வழக்கம் எமது வர்த்தகர்களிடத்தில் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. முன்னர் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு கடையறையைக் கட்டி வாடகைக்கு விடுவதோடு நின்றவர்கள், அறுகம்பையில் உல்லாசப் பயணத்துறை வளர்ந்ததன் பின்னர் உல்லைப் பக்கமாக இரண்டு மூன்று கபானாக்களைப் போட்டு, நடத்துபவர்களுக்குப் பருவகால வாடகைக்குக் கொடுத்து வருகின்றனர். இது நல்ல முயற்சியே. ஆனால், வாங்குவதிலும் கட்டுவதிலும் காட்டும் கவனத்தை நாம் திருத்துவதில் காட்டுவதில்லை என்பது எனது அபிப்பிராயமாகும். அதற்குச் சிறந்த உதாரணம் கபானாக்களின் முன்னால் நாம் போடும் மரத்தளம், அதாவது எல்லோரும் 'டெக்' என்று சொல்வது.

நான் கட்டடப் பொருட்கள் விற்பவன். பொத்துவிலில் எனக்கும் வாடகைக்குக் கொடுத்த இரண்டு கபானாக்கள் உள்ளன. ஆகவே இவ்விடயத்தை விற்பவனின் பக்கத்திலிருந்தும் செலவழிப்பவனின் பக்கத்திலிருந்தும் பார்த்து வருகின்றேன். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் மாத முடிவில், பருவகாலம் தொடங்கும் நேரத்தில், கடைக்கு வருபவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆகக் குறைந்த விலையில் என்ன பலகை இருக்கிறது?" வாடகைக்குக் கொடுத்த இடம்தானே, அதற்கு ஏன் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். கேள்வியே பிழையானது என்பதுதான் நான் இங்கு சொல்ல வருவது.

மரத்தளம் பழுதடைவது கண்ணுக்குத் தெரியும் மேற்பலகையில் அல்ல. பலகையைத் தாங்கும் தீராந்தியின் மேல்முகத்திலும், ஆணி இறங்கிய ஓட்டையிலும், மணலில் ஊன்றிய கால்களின் அடியிலுமே உக்கல் ஆரம்பிக்கின்றது. மரத்தின் ஈரப்பதம் 20 வீதத்திற்குக் கீழே இருக்கும் வரை உக்கல் பிடிப்பதில்லை. எனவே மழைநீர் எங்கே தங்குகின்றதோ அங்கேதான் சேதம். மேற்பலகை நரைத்து வெடித்திருப்பது பார்வைக்கு அசிங்கமாக இருக்கலாம். ஆளைக் கீழே விழுத்துவது உக்கிய தீராந்திதான். ஆகவே செலவுக் கணக்குப் போடுவதற்கு முன்னர் ஒரு கூர்மையான இஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தளத்தின் அடியில் குனிந்து பாருங்கள். தீராந்தியில் குத்தும்போது கால் அங்குலத்திற்கு மேல் இலகுவாக இறங்கினால் அந்த மரம் போய்விட்டது என்று அர்த்தம். அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பலகையைப் போட்டாலும் பணம் வீண்.

பழைய பலகைக்கு மேலேயே புதுப் பலகையை அடித்து விடும் வழக்கமும் பரவி வருகின்றது. கழற்றும் கூலி மிச்சம் என்று பாஸ்மாரும் இதனை விரும்புகின்றனர். இரண்டு பலகைகளுக்கு இடையில் தண்ணீர் நின்று, காற்றோட்டமும் இல்லாது போவதால் புதுப் பலகையும் சேர்ந்து உக்கும். இது சிக்கனம் ஆகாது.

இனிச் செலவைப் பிரித்துப் பார்ப்போம். 20 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட ஒரு தளத்தை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். தீராந்திகளை 16 அங்குல இடைவெளியில் வைத்தால் 16 தீராந்திகள், அதாவது 160 அடி மரம் தேவை. மேலே 4 அங்குலப் பலகையைக் கால் அங்குல இடைவெளி விட்டு நீளவாக்கில் போட்டால் 28 வரிசைகள், ஏறத்தாழ 560 அடி பலகை செல்லும். பலகையின் அளவு தீராந்தியைப் போல் மூன்றரை மடங்கு என்பதைக் கவனியுங்கள். அடிக்கு ஒரு ரூபா மிச்சம் பிடித்தால் மேலே 560 ரூபா மிஞ்சும். கீழே மிஞ்சுவது 160 ரூபாதான். எனவே சிக்கனம் செய்ய வேண்டிய இடம் மேலே. தாராளமாக இருக்க வேண்டிய இடம் கீழே.

தீராந்திக்கு எமது பிரதேசத்தில் பாலையையும் முதிரையையும் விஞ்சிய மரம் இல்லை. ஆனால் காட்டு மரத்தை அனுமதிப்பத்திரம் இன்றி ஏற்றினால் மரத்தோடு லொறியும் போய்விடும். பலா மரம் சொந்த வளவில் நின்றாலும் 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பிரகாரம் அனுமதி பெற்றே வெட்ட வேண்டும். ஆகவே பழைய வீடுகள் உடைக்கப்படும்போது வரும் தீராந்திகளைத் தேடிப் பார்ப்பதே எனது ஆலோசனை. பல தசாப்தங்கள் கூரைக்குள் காய்ந்து கிடந்த வைரம் பாய்ந்த மரம் வளையாது, சுருங்காது. ஆணிகளைப் பிடுங்கி, கறையான் அரித்த பாகத்தை வெட்டி நீக்கிவிட்டால் போதும். எந்த மரக்காலையில் வாங்கினாலும் பற்றுச்சீட்டைக் கேட்டு எடுத்துக் கொள்ளுங்கள்.

தீராந்தியின் மேல்முகத்தில் தார்த் தாளைக் கீலங்களாக வெட்டி ஒட்டி, அதன் மேல் பலகையை அடித்தால் தண்ணீர் மரத்தில் ஊறுவது குறையும். கால்களை மணலில் ஊன்றாமல், தரைக்கு மேலே ஆறு அங்குலம் தெரியும்படி வார்த்த கொங்கிரீட் கட்டைகளில் நிறுத்துங்கள். இவை இரண்டும் சிறு செலவுகள்.

அடுத்தது ஆணி. மேற்சொன்ன தளத்திற்குத் தீராந்திக்கு இரண்டு வீதம் ஏறத்தாழ 900 இஸ்குரூ ஆணிகள் தேவைப்படும். சாதாரண இரும்பு ஆணி உப்புக் காற்றில் வெகுவிரைவில் துருப்பிடித்து, மரத்தையும் சுற்றிக் கறுக்க வைத்து உக்கச் செய்யும். 316 தர ஸ்டெயின்லெஸ் ஆணி ஒன்றுக்கு 20 ரூபா கூடுதல் என்று வைத்துக் கொண்டாலும் மொத்த மேலதிகச் செலவு 18,000 ரூபாதான். தளத்தை இன்னொரு முறை கழற்றிப் பூட்டும் கூலியோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு முடியாவிட்டால் உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்த ஆணியையாவது வாங்குங்கள். மினுமினுப்பாகத் தெரியும் மெல்லிய பூச்சு ஆணி கடற்கரைக்கு உதவாது.

மேற்பலகைக்கு வருவோம். மருந்து ஏற்றிய பைனஸ் பலகை வாடகை இடத்துக்குப் போதுமானது என்பது எனது கருத்து. மருந்தைப் பூசியதா, அழுத்தத்தில் ஏற்றியதா என்று கேட்டு வாங்க வேண்டும்; பூசியது மழைக்குத் தாங்காது. வெட்டிய முனைகளுக்கு மீண்டும் மருந்து பூச வேண்டும். செம்பு கலந்த மருந்து சாதாரண ஆணியை இன்னும் வேகமாக அரிக்கும் என்பதால் ஆணி விடயத்தில் இங்கும் விட்டுக்கொடுக்க முடியாது. இறப்பர், மா போன்ற பலகைகளை வெளியில் போடவே வேண்டாம். தென்னம் பலகை கூரைக்குள் நல்லது. திறந்த வெளியில் மழை பட்டால் நீண்ட நாள் நிற்காது. தேக்கு என்று சொல்லி விற்கும் பலகையில் வெள்ளைப் பாகம் அதிகமாயின் அதற்குத் தேக்கின் விலையைக் கொடுக்காதீர்கள். எந்த மரமாயினும் வெள்ளை உக்கும், வைரமே நிற்கும்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை பற்றிப் பலர் கேட்கின்றனர். அதற்கு எண்ணெய் பூச வேண்டியதில்லை, கறையான் பிடிக்காது. ஆனால் வெயிலில் வெறுங்காலுடன் நடக்க முடியாதளவு சூடேறும். நீளவாக்கில் விரிவதால் முனைகளில் இடைவெளி விட வேண்டும். மலிவான ரகங்களுக்குத் தீராந்திகளை 12 அங்குலத்திற்கு ஒன்றாக வைக்க நேரும். இறக்குமதிப் பொருளாதலால் டொலரின் விலையும் இதில் தங்கியிருக்கின்றது. 2022 இல் இரண்டு மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாம் மறந்துவிடலாகாது. ஒரு பலகை உடைந்தால் அதே நிறத்தில் மாற்றுப் பலகை கிடைக்குமா என்றும் யோசிக்க வேண்டும்.

தளம் தரையிலிருந்து ஓரடி உயரத்திற்குள் இருக்குமானால் மரம் தேவைதானா என்ற கேள்வியையும் கேளுங்கள். மண்ணை இறுக்கி, மணல் பரப்பி, இன்டர்லொக் கல் பதித்தால் உக்கலும் இல்லை, கறையானும் இல்லை. கல்லைக் கழற்றி மீண்டும் பதிக்கலாம். கொங்கிரீட் தளம் வார்ப்பதாயின், கரையிலிருந்து 300 மீற்றர் வரையான பகுதி 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், அனுமதி பற்றி முதலில் விசாரித்துக் கொள்ள வேண்டும்.

கழிவு எண்ணெய் பூசும் பழக்கத்தைக் கைவிடுங்கள். அது மேலோடு நின்று, விருந்தினரின் உடையையும் கெடுத்து, மழையில் வழுக்கும். தீந்தை பூசினால் அது வெடித்த இடத்தால் தண்ணீர் புகுந்து வெளியேற வழியின்றி நிற்கும். மரத்தில் ஊறும் பாதுகாப்பு எண்ணெயை வருடத்திற்கு ஒரு முறை பூசுவதே சரியான முறை.

காலமும் முக்கியமானது. ஒக்டோபரில் பருவகாலம் முடிந்ததும் தளத்தைச் சோதித்து, மாரி மழை ஓய்ந்த பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வேலையைச் செய்யுங்கள். ஏப்ரலில் அவசரப்பட்டு வாங்கும் ஈரப் பலகை, கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் சுருங்கி வளைந்துவிடும். வாடகை ஒப்பந்தத்திலும் தீராந்தி, கால், ஆணி ஆகியன உரிமையாளரின் பொறுப்பு, கூட்டுவதும் எண்ணெய் பூசுவதும் எடுத்தவரின் பொறுப்பு என்று எழுதிக் கொள்ளுங்கள். வாயால் பேசியது சண்டையில்தான் முடியும்.

வாடகைக்கு எடுத்தவர் தளத்தின் அடியில் குனிந்து பார்க்கப் போவதில்லை. அவரிடம் தங்க வரும் வெளிநாட்டவரோ உள்நாட்டுக் குடும்பமோ அதைப் பற்றி நினைக்கப் போவதும் இல்லை. நாம் சரியாகச் செய்திருப்போம் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் அதன் மேல் பிள்ளைகளை ஓட விடுகின்றனர். வாடகைப் பணத்தோடு அந்த நம்பிக்கையும் எம்மிடம் அமானிதமாக வருகின்றது. ஆகவே அடுத்த முறை கடைக்கு வரும்போது மலிவான பலகை எது என்று கேட்பதற்கு முன்னர், உங்கள் தீராந்திகளில் எத்தனை நல்லவை, எத்தனை உக்கியவை என்ற கணக்கோடு வாருங்கள். அதன் பின்னர் பலகையின் விலையைப் பேசிக் கொள்ளலாம்.