200 மணி நேரத்தில் ராத்திரி எவ்வளவு?

ப்ளேஸ்மென்ட் சீசன் வந்தாலே ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் ரெண்டு பேராவது "எனக்கு ஐடி வேணாம் மச்சி, பைலட் ஆகப்போறேன்"னு சொல்லுவாங்க. தாராளமா ஆகலாம். ப்ளஸ் டூவில் ஃபிசிக்ஸ், மேத்ஸ் இருந்தா போதும், நாம இங்க நாலு வருஷம் எழுதின அரியரைப் பத்தி யாரும் கேக்கப்போறதில்ல. எனக்குப் பிரச்சினை அதுக்கு அடுத்து வர்ற லாஜிக்தான்: "பேசஞ்சர் ஏர்லைன்ல போட்டி ஜாஸ்தி. 200 மணி நேரம் பறந்தவனை கார்கோல எடுத்துப்பாங்க. பெட்டி கம்ப்ளெயின்ட் பண்ணாதுல்ல?"

பெட்டி கம்ப்ளெயின்ட் பண்ணாது, வாஸ்தவம்தான். ஆனா பெட்டி ராத்திரியில போகும். சாயங்காலம் வரைக்கும் கடையிலயும் கம்பெனியிலயும் பார்சலை வாங்கி, விடியறதுக்குள்ள அடுத்த ஊர்ல இறக்கினாத்தான் அந்த பிசினஸே ஓடும். அதனால கார்கோ பைலட்டோட ஷிஃப்ட் பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். இப்போ நம்ம நாட்டுல கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க டிஜிசிஏ கேக்கற கணக்கைப் பாருங்க. மொத்தம் 200 மணி நேரம். அதுல நாமே பொறுப்பேத்து ஓட்டினது 100. ஊர் விட்டு ஊர் போனது 20. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டினது 10. ராத்திரியில ஓட்டினது? 5 மணி நேரம். நாம ஒரு நைட் அவுட் போட்டு ரெக்கார்ட் நோட் முடிக்கிற நேரம்கூட இல்ல.

அமெரிக்காவுல இதே இடைவெளியை எப்படிக் கடக்கிறாங்கன்னு பார்த்தா நமக்கு எது இல்லைன்னு புரியும். அங்க லைசென்ஸ் வாங்கறதுக்கு வழக்கமா 250 மணி நேரம். அதோட ஃபெடெக்ஸ் கதவைத் தட்டினா திறக்காது. பெரும்பாலானவங்க முதல்ல இன்ஸ்ட்ரக்டர் ஆகி, அடுத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தே மணி நேரம் சேர்க்கறாங்க. அதுக்கப்புறம் ஃபீடர் கம்பெனி. செஸ்னா கேரவன்னு ஒரு விமானம்: ஒரே ஒரு டர்போப்ராப் இன்ஜின், பல நேரம் ஒரே ஒரு பைலட். சின்ன ஊர் பார்சலை எல்லாம் பெரிய ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற வேலை. மழையோ மேகமோ, கருவிகளை நம்பித் தனியா சரக்கு ஓட்டணும்னா மொத்தம் 1,200 மணி நேரம் வேணும். அதுல ராத்திரி மட்டும் 100, இன்ஸ்ட்ருமென்ட் 75. இதெல்லாம் முடிச்சு 1,500-ஐத் தாண்டி ஏர்லைன் லைசென்ஸ் எடுத்த பிறகுதான் பெரிய கார்கோ ஜெட்.

அந்த நடுப்படி நம்ம நாட்டுல அனேகமா கிடையாது. காரணம் சிம்பிள். மதுரையில இருந்து சென்னைக்கு ஒரு பார்சல் போகணும்னா ஆம்னி பஸ் டிக்கியில ஏத்திவிட்டா காலையில கோயம்பேட்டுலயோ கிளாம்பாக்கத்துலயோ எடுத்துக்கலாம். அந்த விலைக்கு எந்த கேரவனும் பறக்காது. கார்கோ ஏர்லைன்னா எடுத்த எடுப்புல பெரிய ஜெட்தான். நம்ம சென்னையில இருந்தே இயங்குற ப்ளூ டார்ட் ஏவியேஷன் ஓட்டற போயிங் 757 முழு லோடுல நூறு டன்னுக்கு மேல. அதுவும் அவங்ககிட்ட இருக்கிற விமானங்களை விரல்விட்டு எண்ணிடலாம். விமானம் கம்மின்னா சீட்டும் கம்மி. நூத்துக்கணக்குல விமானம் வெச்சிருக்கிற பேசஞ்சர் ஏர்லைன்ல கிடைக்காத வேலை இங்க ஈஸியா கிடைக்கும்னு நினைக்கறதுக்கு ஒரு காரணமும் இல்ல.

"அப்போ எப்படியாவது 1,500 சேர்த்துட்டா போதுமா?"ன்னு கேட்டா, அதுக்கும் என் பதில் இல்லைங்கறதுதான். அந்த நம்பர் எப்படி வந்துச்சுன்னு பாருங்க. 2009 பிப்ரவரியில பஃபலோ பக்கத்துல கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தாங்க. அதுக்கு மறுவருஷம் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டுச்சு. அதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, ஏர்லைன் பைலட்டுக்கு 1,500 மணி நேரம். இன்னொண்ணு, ஒரு பைலட் எங்கெங்க வேலை பார்த்தார், எந்தெந்த செக்ல ஃபெயில் ஆனார்னு வேலைக்கு எடுக்கிற கம்பெனி பார்க்கிற மாதிரி ஒரு டேட்டாபேஸ். இதுல வேடிக்கை என்னன்னா, கோல்கன் பைலட்டுங்க ரெண்டு பேருக்குமே 1,500-க்கு மேல இருந்துச்சு. ஆனாலும் எண்ண ஈஸியா இருந்த அந்த மணி நேர விதி 2013-லயே அமலுக்கு வந்துடுச்சு. டேட்டாபேஸ் விதி வர 2021 ஆச்சு.

நடுவுல 2019 பிப்ரவரி 23. மயாமியில இருந்து ஹூஸ்டனுக்கு சரக்கு ஏத்திட்டு வந்த அட்லஸ் ஏர் 767, இறங்கற நேரத்துல டெக்சாஸ் கடற்கரைப் பக்கம் விழுந்துச்சு. மூணு பேரும் இறந்தாங்க. தெரியாம கோ-அரவுண்ட் மோட் ஆன் ஆயிடுச்சு, இன்ஜின் வேகம் எடுத்துச்சு. விமானம் ஸ்டால் ஆகுதுன்னு தப்பா நினைச்சு கோ-பைலட் மூக்கைக் கீழ அழுத்தினார். கேப்டன் சுதாரிக்கறதுக்குள்ள அரை நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சுபோச்சு. அந்த கோ-பைலட்டுக்கு அனுபவம் 5,000 மணி நேரத்துக்கும் மேல. ஆனா முன்னாடி வேலை பார்த்த இடங்கள்ல ட்ரெய்னிங்ல திரும்பத் திரும்பத் தடுமாறியிருக்கார், வேலைக்கு அப்ளை பண்ணும்போது அதை மறைச்சிருக்கார்னு விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி சொல்லுச்சு. அந்த டேட்டாபேஸைக் கொண்டுவர விமானத் துறையே இழுத்தடிச்சதையும் அதே ரிப்போர்ட்ல குறை சொல்லியிருக்காங்க.

அதனால அனுபவம் கம்மியா இருக்கறது எனக்குப் பெரிய குறையாத் தெரியல. 300 மணி நேரத்தோட, எந்த செக்ல எதுக்காக ஃபெயில் ஆனேன், அப்புறம் எப்படிச் சரிபண்ணினேன்னு இன்டர்வியூல நேரா சொல்ற ஆளை நான் நம்புவேன். ஆனா அந்த 300-ம் ஒரே ஏர்ஃபீல்டைப் பட்டப்பகல்ல சுத்திச் சுத்தி வந்த மணி நேரமா இருந்தா, ராத்திரி சரக்கு ஜெட்டுக்கு எந்தக் கம்பெனியும் யோசிக்கத்தான் செய்யும், யோசிக்கவும் வேணும். மினிமம் 5-ன்னா 5-லயே நிறுத்தணும்னு சட்டம் இல்ல. ஃப்ளையிங் ஸ்கூல்ல நைட்டும் இன்ஸ்ட்ருமென்ட்டும் கூடுதலா கேட்டு வாங்குங்க. இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுக்கறதைக் கேவலமா நினைக்காதீங்க. நடுப்படி இல்லாத நாட்டுல கைக்கு எட்டற படி அனேகமா அது ஒண்ணுதான்.

கடைசியா காசு விஷயம். லைசென்ஸ் செலவே சுமாரா அரைக் கோடி. நம்மள்ல பல பேருக்கு அது வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வெச்சு வர்ற பணம். அதுக்கு மேல, "டைப் ரேட்டிங்கும் முடிச்சிட்டா உடனே வேலை"ன்னு ஏஜென்ட் ஒருத்தர் வந்து இன்னும் பத்துப் பதினஞ்சு லட்சம் கேப்பார். ஏ320-க்கு எடுத்த ரேட்டிங்கை வெச்சு 757 ஓட்ட முடியாது. எந்தக் கம்பெனி எடுக்கப்போகுதுன்னு தெரியறதுக்கு முன்னாடி அதை வாங்கறது, எந்த ஊர்ல வேலைன்னு தெரியாம அட்வான்ஸ் குடுத்து வீடு பிடிக்கிற மாதிரி. வேலை கிடைக்காம ஒரு வருஷம் ஓடிட்டா, மறுபடியும் காசு கட்டி சிமுலேட்டர் செக் வேற. ஏஜென்ட்கிட்ட கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: போன வருஷம் உங்ககிட்ட ரேட்டிங் முடிச்சவங்கள்ல எத்தனை பேர் இப்போ எந்த விமானத்துல உக்காந்திருக்காங்க? பேரோட சொல்லச் சொல்லுங்க.