முகமும் ஒரு முதல்தான்!

வீட்டிலிருந்தபடியே புடவை வியாபாரம் செய்கிறீர்கள். அல்லது பாட்டோ தையலோ சொல்லிக் கொடுக்கிறீர்கள். முன்பெல்லாம் வாசலில் ஒரு போர்டு மாட்டினால் போதும். இப்போது வாடிக்கைக்காரர் வாசலுக்கு வருமுன்பே கைப்பேசியில் உங்கள் முகத்தைப் பார்த்துவிடுகிறார். 'இந்த அம்மாளை நம்பிப் பணம் அனுப்பலாமா?' என்ற யோசனையை அந்தப் படம்தான் தீர்த்து வைக்கிறது. ஆகவே, தொழிலுக்கென்று நல்ல படங்கள் எடுத்துக்கொள்வது வீண் ஆடம்பரம் அல்ல, சகோதரிகளே! ஆனால், யாரிடம் எடுத்துக்கொள்வது?

சென்னைவாசிகளுக்குக் கோவளம் நினைவுக்கு வருவது இயல்பு. சுமார் 40 கிலோமீட்டர்தான். 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை. அந்த இடத்தை வைத்தே போட்டோகிராபருக்கு ஒரு பரீட்சை வையுங்களேன்! "எத்தனை மணிக்கு வரலாம்?" என்று கேளுங்கள். "கடலுக்குள் சூரியன் இறங்குகிற நேரத்துக்கு வந்துவிடுங்கள்" என்றால், அவர் கேரளத்துக் கோவளத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார்! நம் கோவளத்தில் சூரியன் உதிப்பதுதான் கடலில். மறைவது நிலத்தின் பக்கம். காலையில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் வெளிச்சம் பின்னால் போய், முகம் இருண்டுவிடும். மாலையில் அதே இடத்தில் நின்றால் மேற்கு வெயில் இதமாக முகத்தில் விழும். பின்னால் கடலும் தெளிவாகத் தெரியும். இதைத் தாமாகவே சொல்கிறவர் தொழில் தெரிந்தவர். "காற்று அதிகம், தலைப்புக்கு நாலு ஊக்கு கொண்டு வாருங்கள்" என்கிறவர் இன்னும் கெட்டிக்காரர்!

"அப்படியே மாமல்லபுரம் கோயில் முன்னாலும் எடுத்துவிடலாம்" என்பார் சிலர். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். முக்காலி வைத்துத் தொழில்முறையில் படமெடுக்க முன்கூட்டியே அனுமதி வேண்டும். வாங்கியாகிவிட்டதா என்று கேளுங்கள்.

அடுத்து, அவர் எடுத்த படங்கள். பொறுக்கி வைத்த பத்துப் படங்களைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். யாராவது ஒருவருக்கு எடுத்த படங்களை, அவர் சம்மதத்துடன், முழுவதும் காட்டச் சொல்லுங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது!

அவரும் உங்களைக் கேள்வி கேட்கவேண்டும். என்ன தொழில், படத்தை யார் பார்க்கப் போகிறார்கள், எங்கே போடப் போகிறீர்கள் என்று விசாரிக்கிறாரா? தையல் டீச்சருக்குக் கடலலை எதற்கு? "வீட்டு ஜன்னலோரம், மெஷின் பக்கத்திலேயே எடுக்கலாமே" என்கிறவர் உங்கள் காரியத்தை நினைக்கிறவர். துணைக்கு ஒருவரை அழைத்து வருவதற்கு முகம் சுளிப்பவர் நமக்கு வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம், நிறம்! கேட்காமலே கம்ப்யூட்டரில் மாநிறத்தைச் சிவப்பாக்கி, கன்னத்து மச்சத்தையும் அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் வாடிக்கைக்காரர் நேரில் வந்து, "அந்த அம்மா இல்லையா?" என்று உங்களிடமே கேட்டால்? போன நம்பிக்கை திரும்பி வருமா? இரண்டு நாளில் மறையும் பருவை எடுக்கட்டும். பிறவி நிறத்தில் கை வைக்கவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, கணக்கு வழக்கு. எத்தனை படம், என்றைக்குக் கொடுப்பார், தம் விளம்பரத்தில் உங்கள் படத்தைப் போடுவாரா, எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை உங்களுடையதுதான். மாறாக ஒப்பந்தம் செய்துகொண்டால்தான் கைமாறும். ஆகவே, அவர் நீட்டும் காகிதத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

இவ்வளவு கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறதா? ஒரு புடவை எடுக்க நாற்பது புடவைகளைப் பிரித்துப் போடச் சொல்கிறோம். முகத்தையே ஒப்படைக்கிறவரிடம் நாலு கேள்வி கேட்கக் கூடாதா, என்ன?